பிரிக்கக் கூடாத பெட்டி

அந்த அட்டைப்பெட்டிய மேல கேரியர்ல வெக்காதீங்க தம்பி. தொப்பூர் கணவாயில வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், நேரா உங்க மண்டையிலதான் வந்து எறங்கும். இங்க, நம்ம ரெண்டு பேரு காலுக்கும் நடுவுல வெச்சுக்கலாம். நான் ஒடுங்கி உக்காந்துக்கறேன். என்னதுங்க, கம்ப்யூட்டருங்களா? அதானே பார்த்தேன். ரெடிமேடா? ஓ. ரெடிமேடு. சரி, வாங்கிட்டீங்க. இனிப் பேசி என்ன ஆகப்போகுது.

இல்லீங்க, தப்பாச் சொல்லலை. உங்க காசு, உங்க சௌகரியம். சேலத்துலதான் வாங்கினீங்களா? உள்ளே என்ன போட்டிருக்கறான்னு பார்த்தீங்களா? பார்க்கலை. கடைக்காரனும் தொறந்து காட்டலை, நீங்களும் கேக்கலை. கத்திரிக்கா வாங்கினாக்கூட காம்பைத் திருப்பிப் பார்க்கறோம், இத்தாம்பெரிய சாமானை மூடின பெட்டியோட வாங்கிட்டு வந்துடறோம். நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களா கேட்டாச் சொல்லுவேன், இல்லாட்டி வாயை மூடிட்டு ஓசூர் வரைக்கும் வருவேன்.

ஆமாங்க, ஓசூருதான். கோயமுத்தூர்ல இருந்து வர்றேன். ஆவாரம்பாளையம். பேரு மாரப்பன். பொண்ணைப் பார்க்கப் போறேன். சிந்துஜான்னு பேரு, ஒரே பொண்ணு. அவ ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் இந்த ஃபைல்ல இருக்குது. பாஸ்போர்ட் எடுக்கறதுக்கு வேணுமாம். கொரியர்ல போடுங்கன்னுதான் அவங்கம்மாகிட்டச் சொல்லிவிட்டா. படிச்ச பேப்பரைக் கொரியர்க்காரன் கையில குடுக்கறதாங்க? நான் நேர்ல கொண்டாறேன்னு சொன்னேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. அப்புறம், சரி வரச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கறா. அவ எங்கிட்டப் பேசிப் பதினோரு மாசமாச்சுங்க. இன்னிக்கு அவ வீட்டுப் படிய மிதிச்சுட்டேன்னா எல்லாம் சரியாப் போயிரும். நேர்ல மூஞ்சியப் பார்த்துட்டா எத்தனை நாளைக்குக் கோவம் நிக்கும், சொல்லுங்க. என்ற சம்சாரம் ருக்குமணி பத்து நாளா அங்கதான் இருக்கறா. ரெண்டாவது மாடியாம். நல்ல காத்தாம்.

ஏன் பேசலைன்னு கேக்கறீங்களா? கேளுங்க, நீங்க படிச்ச புள்ளையா இருக்கறீங்க. கேட்டுப்போட்டு, தப்பு ஆரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. எல்லாம் இந்த ரெடிமேடு பெட்டியால வந்த வெனை.

நான் மோட்டார் கம்பெனில அசெம்பிளி செக்‌ஷன்ல முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவனுங்க. கெணத்து மோட்டாரு. கடைசி பன்னெண்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன். எங்க கம்பெனில ஒரு வழக்கம். அடுத்த கம்பெனிக்காரன் புது மோட்டார் விட்டான்னா, மொதல் வாரத்துலயே ஒண்ணை வாங்கியாந்து நடு மேசைல வெச்சுப் பிரிப்போம். சாயங்கால டீ வர்ற நேரத்துக்கு. போல்ட்டு, பேரிங்கு, காயிலு எல்லாத்தையும் வரிசையாப் பரப்பி வெச்சு, இவன் எங்க மிச்சம் புடிச்சிருக்கறான்னு ஒவ்வொருத்தரா சொல்லோணும். ஆரு கரெக்டாச் சொல்றாங்களோ அவங்களுக்கு ரெட்டை வடை. நான் தின்ன வடைய நீங்க எண்ண முடியாதுங்க தம்பி. ஒரு மூடியத் தெறந்தா, செஞ்சவன் யோக்கியனா அயோக்கியனான்னு எனக்குத் தெரிஞ்சு போயிரும்.

வீட்டுலயும் அப்படித்தான். மிக்சி வந்தா பிரிப்பேன், ஃபேன் வந்தா பிரிப்பேன். கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு, சீர்ல வந்த கிரைண்டரைப் பிரிச்சுக் கூடத்துல பரப்பி வெச்சிருந்தேன். என்ற மாமனார் வந்து பார்த்துட்டு, மாப்பிள்ளைக்குச் சீர் புடிக்கலையாட்டருக்குதுன்னு கண்ணுல தண்ணி வெச்சுட்டாரு. நான் சொன்னேன், மாமா, இதுல பெல்ட்டு மட்டமான பெல்ட்டு, நல்லதாப் போட்டுத் தர்றேன்னு. அந்தக் கிரைண்டர் இருவத்தாறு வருஷம் ஓடுச்சுங்க. இதை ஆருமே சொல்ல மாட்டாங்க.

சரி, கதைக்கு வர்றேன். சிந்துஜா ஆர்க்கிடெக்சர் சேர்ந்தா. கட்டடத்துக்கு ட்ராயிங் போடற படிப்பு. சேர்ந்த வாரமே கம்ப்யூட்டர் வேணும்னா. கூடப் படிக்கற புள்ளைக எல்லாம் கடைக்குப் போனாங்க, ரெடிமேடா ஒரு பெட்டிய வாங்கினாங்க, மறுநாளே ட்ராயிங் போட ஆரம்பிச்சுட்டாங்க. இவளும், அப்பா, அதே மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்கன்னா. நான் சொன்னேன், சாமி, கடைக்காரன் நாலு நல்ல சாமானுக்கு நடுவுல ரெண்டு சொத்தைய வெச்சு மூடியிருப்பான். உங்கப்பன் கையிருக்குது. ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்து நானே பூட்டித் தர்றேன், பத்து வருஷத்துக்கு நீ வேற பெட்டிய நெனைக்க மாட்டேன்னு.

பொறுக்கி எடுக்கறதுன்னா நேரமாகுமில்லீங்களா? காந்திபுரத்துல கம்ப்யூட்டர் சாமான் விக்கற சந்துல நான் ஏறி எறங்காத படி இல்லை. ப்ராசஸர் ஒரு கடையில, போர்டு ஒரு கடையில. ஆடி பொறந்துருச்சு, ஆடியில புதுச் சாமான் வாங்கக் கூடாதுன்னு ருக்குமணி நின்னுட்டா. ஆவணில போனா, புது மாடல் அடுத்த மாசம் வருதுங்கறான். அதுக்குக் காத்திருந்தேன். பெட்டி மட்டும் கடையில இருக்கறதெல்லாம் தகர டப்பா, வெரலால அழுத்தினா நசுங்குது. கம்பெனில சொல்லி மோட்டாருக்குப் போடற தகட்டுல நானே மடிச்சு, வெல்டு வெச்சு, பெயிண்ட் அடிச்சேன். இருவத்திரெண்டு கிலோ. ஃபேனு பேனல் போர்டுக்குப் போடற ஃபேனு. சத்தம் கொஞ்சம் வரும், ஒத்துக்கறேன். அவ போன் பேசினா, ரைஸ் மில்லுல இருந்தா பேசறேன்னு கேப்பாங்களாம். ஆனா காத்து? அப்படியொரு காத்துங்க.

ஆயுத பூஜை அன்னிக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, தேங்காய் சுத்தி ஒடைச்சு, ஸ்விட்ச் போட்டேன். ஜூன்ல கேட்டா, ஆயுத பூஜைக்கு வந்துருச்சு. இதுல என்னங்க லேட்டு? அது வரைக்கும் சிங்காநல்லூர்ல ஒரு சிநேகிதி வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறிப் போய் ட்ராயிங் போட்டுட்டு வந்தா. அந்த வீட்டுல என்ன நெனைப்பாங்களோன்னு ருக்குமணி பொலம்புவா. நான் அன்னிக்கு அவ மூஞ்சியப் பார்த்தேன், சந்தோசப்படுவான்னு. அவ பெட்டியச் சுத்திப் பார்த்துட்டு, அப்பா, இதுல ஏனுங்க காலிங் பெல் பட்டன் இருக்குதுன்னு கேட்டா. ஆன் பண்றதுக்கு அதைத்தான் வெச்சேன். நல்ல பட்டன், வெங்கலக் காண்டாக்ட்டு. அதை ஆரும் பார்க்கறதில்லை.

வாராவாரம் ஞாயித்துக்கெழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கறதுக்கு முன்னாடி அதைத் தொறந்து, தூசி தட்டி, எல்லா ஸ்க்ரூவும் ஒரு சுத்து இறுக்கிருவேன். அவ ஒருக்கா பக்கத்துல நின்னு பார்த்துட்டே கேட்டா. அப்பா, இது என்ற கம்ப்யூட்டருங்களா, உங்க கம்ப்யூட்டருங்களான்னு. நம்ம கம்ப்யூட்டரு சாமின்னேன். அப்படியே உள்ள போயிட்டா. அதுல என்ன தப்பு கண்டாளோ.

ரெண்டாம் வருஷம் ஒரு சம்பவம். மறுநாள் காலேஜ்ல ட்ராயிங் ஒப்படைக்கோணும். சாயங்காலம், துணி எடுக்க மாடிக்குப் போனா. ஃபேன் சத்தம் எனக்கு வித்தியாசமாக் கேட்டுச்சு. மோட்டார்க்காரன் காதுங்க, தப்பாது. ஆஃப் பண்ணித் தொறந்தேன். பேரிங்குல ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், மூடினேன். அஞ்சே நிமிஷம். அவ கீழ எறங்கி வந்து பார்த்துட்டு, அப்படியே தரையில உக்காந்துட்டா. மத்தியானத்துல இருந்து போட்டதை சேவ் பண்ணலையாம். அதுக்கு நானா பொறுப்பு? சேவ் பண்ணோணும்னு இன்னிக்குப் பொறந்த புள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தப் பேப்பர்ல மார்க்குப் போச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்னு ருக்குமணி சொல்லுவா. அவளுக்கு என்ன தெரியும்.

படிப்பு முடிஞ்சுது. பெங்களூர்ல ஒரு கம்பெனில வேலை கெடைச்சுது. அமெரிக்காக்காரனுக. அங்க கட்டற பேங்குக் கட்டடத்துக்கெல்லாம் இங்கிருந்து ட்ராயிங் போட்டு அனுப்பறது. வீட்டுல இருந்தே பார்க்கலாம்னாங்க. மெஷினையும் அவங்களே வேன்ல அனுப்பிச்சாங்க. பெட்டிய எறக்கினதுமே தெரிஞ்சுது, ரெடிமேடுன்னு. கறுப்பா, வழவழன்னு, ஒரு சுண்டு சுண்டினா டொக்குன்னு சத்தம். என்ற மெஷினை எடுத்து மூலையில வெச்சுட்டு, அது இருந்த மேசைல இதை வெச்சா. பக்கவாட்டு ஸ்க்ரூ மேல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, சீல் மாதிரி. சிந்துஜா என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சு அதைக் காட்டினா. அப்பா, இது ஆபீஸ் சாமான். இதைத் தொறக்கக் கூடாதுங்க. ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கறேனுங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேனுங்கப்பான்னா. சரி சாமின்னேன்.

ஏனுங்க தம்பி, உங்க பெட்டிய அந்தப் பக்கம் நகர்த்தறீங்க? நான் தொடமாட்டேனுங்க. சும்மா கால் பட்டுது.

ஒரு மண்டலம் தொடலீங்க. நாப்பத்தெட்டு நாள், மாலை போட்டவனாட்ட இருந்தேன். தினம் காலைல பேப்பர் படிக்கறப்ப எதிர்ல அது ஓடிட்டிருக்கும். சத்தமே வராது. சத்தம் வராத மெஷினை எப்படிங்க நம்பறது? அவ ஒரு ட்ராயிங் தொறந்துட்டு, அது ஸ்க்ரீன்ல வர்ற வரைக்கும் கன்னத்துல கை வெச்சுட்டு உக்காந்திருப்பா. பெத்தவன் இதைப் பார்த்துட்டு எப்படி இருக்கறது? அந்தக் கம்பெனிக்காரனுக்கு அவ யாரோ. எனக்கு அப்படியா?

நாப்பத்தொம்பதாம் நாள், தாயும் மகளும் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாங்க. எனக்கு முட்டி வலின்னு சொல்லி நின்னுட்டேன். வலி இருந்துதுங்க, பொய்யில்லை.

தொறந்தேன். தொறந்து பார்த்தா, நெஞ்சே ஆறலை. ரேம்னு சொல்றாங்களே, அது போடறதுக்கு ரெண்டு எடம் இருக்குது, ஒண்ணுதான் போட்டிருக்கறான். ஒண்ணு காலி! ப்ராசஸர் மேல சூடு எறங்கறதுக்குத் தடவற பசை, வெத்தலைப் பொட்டியில காஞ்ச சுண்ணாம்பாட்ட இருக்குது. எங்க மேசையா இருந்தா எனக்கு அன்னிக்கு நாலு வடை. கட்டடம் கட்டற கம்பெனி, அதும் பேங்குக் கட்டடம், இந்த லட்சணத்துல புள்ளைககிட்ட வேலை வாங்கறான். நான் என்ற மெஷின்ல இருந்து ஒரு ரேமைக் கழட்டி அந்தக் காலி எடத்துல போட்டேன். நல்ல சாமானுங்க, நான் காந்திபுரத்துல பொறுக்கி எடுத்தது. பழைய பசையத் தொடைச்சு, புதுசு தடவி, தூசி தட்டி, மூடினேன். ஸ்டிக்கரு பிரிக்கறப்ப அடியில வெள்ளி வெள்ளியா ஏதோ எழுத்து வந்துருச்சு. பசை போட்டு அதையும் நேக்கா ஒட்டிட்டேன். கண்ணை வெச்சுப் பார்த்தாலும் தெரியாது.

திங்கக்கெழமை காலைல வேலைக்கு உக்காந்தா. நான் பேப்பரை மூஞ்சிக்கு மறைச்சுப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறேன். பத்து நிமிஷம் கழிச்சு, அப்பா, இன்னிக்கு என்னமோ வேகமா இருக்குதுங்கன்னா. சிரிச்சுட்டே சொன்னா தம்பி. அஞ்சு வருஷம் நான் செஞ்ச மெஷின்ல உக்காந்தப்ப அந்தச் சிரிப்பைப் பார்க்கலை. தொண்டை வரைக்கும் வந்துருச்சு, நாந்தான் சாமின்னு சொல்றதுக்கு. அடக்கிட்டேன். எந்திரிச்சுப் போய்க் கடையில ரெட்டை வடை வாங்கித் தின்னுட்டு வந்தேன், தனியா.

வேகம் கூடுச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல.

வியாழக்கெழமை பெங்களூர்ல இருந்து கூப்பிட்டாங்க. அந்த மெஷின் அவனுகளுக்குத் தானாத் தகவல் சொல்லியிருக்குது. இன்ன தேதி, இத்தனை மணிக்கு என்னைத் தெறந்தாங்க, உள்ளே புதுசா ஒரு சாமான் போட்டிருக்கறாங்கன்னு. காட்டிக்குடுக்கற மெஷினை எங்காச்சும் கண்டிருக்கறீங்களா? பேங்கு ட்ராயிங்கைத் திருடறதுக்குத் தெறந்தாங்களோன்னு அவங்களுக்குச் சந்தேகம். சிந்துஜா ஸ்க்ரீன்ல அவங்களைப் பார்த்து அடிச்சுப் பேசினா. எங்க வீட்டுல யாரும் தொடமாட்டாங்க சார், எங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கறேன், அவர் தொடமாட்டாருன்னு. நான் அடுத்த ரூம்ல கேட்டுட்டிருக்கறேன். அதை முடிச்சுட்டு வந்து என்னைப் பார்த்தா. நான் பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேராப் புடிச்சேன். சொல்லாமயே தெரிஞ்சுக்கிட்டா.

அவ அழுததை நான் சொல்லலீங்க. ருக்குமணி என்னைப் பேசின பேச்சையும் சொல்லலை. உங்க கையை ஒடைச்சு அடுப்புல வெக்கன்னா. முப்பது வருஷத்துல அவ அப்படி வாய் தெறந்ததில்லை.

ஆனா அங்க ஒரு மேனேஜரம்மா, மலையாளத்துக்காரங்க, நல்லவங்களாட்ட இருக்குது. தனியாக் கூப்பிட்டு சிந்துஜாகிட்டச் சொல்லியிருக்கறாங்க. உங்கப்பா கையெழுத்துல ஒரு லெட்டர் குடு. உனக்குச் சொல்லாம அவரா தெறந்துட்டாரு, வருத்தப்படறாருன்னு. நான் மேல பேசி முடிச்சுடறேன்னு. அவ்வளவுதான். சிந்துஜாவே இங்கிலீசுல எழுதிக் குடுத்தா. நாலே வரி. எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி எதுவும் தெரியாது. என் மகள் வீட்டில் இல்லாதபோது அறியாமையால் திறந்துவிட்டேன். அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. மன்னிக்கவும். இதைப் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி அந்தம்மாவுக்கு அனுப்பிருங்கப்பான்னா. அட்ரஸும் எழுதி வெச்சா. கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. அப்பா, இது ஒண்ணு மட்டும் எனக்காகப் பண்ணுங்கன்னா.

அந்தக் காயிதத்தை எடுத்துட்டுத் தெருக்கோடி நெட் சென்டருக்குப் போனேன். பேனாவை எடுத்து உக்காந்தேன். மொத வரி ஓடலை. எதுவும் தெரியாது! ஆருக்குங்க எதுவும் தெரியாது? முப்பத்தொரு வருஷம். நான் கையெழுத்துப் போடாம ஒரு மோட்டார் கேட்டைத் தாண்டாது. நான் போய், ஒரு ரேமைக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதவங்ககிட்ட, எனக்கு எதுவும் தெரியாதுன்னு எழுதிக் குடுக்கறதா? கை வரலை தம்பி. நெசமாவே வரலை.

அதனால உண்மைய எழுதினேன். உண்மை எழுதறதுல என்னங்க தப்பு? எங்க இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மாதிரியே, இங்கிலீசுல, நாலு பக்கம். அப்சர்வேஷன். டிஃபெக்ட். ஆக்‌ஷன் டேக்கன். ரெகமண்டேஷன். ஸ்கேல் வெச்சுப் படம் வேற போட்டேன், காத்து எந்தப் பக்கம் வருது, எந்தப் பக்கம் போகுதுன்னு. இதே மாடல் மெஷின் மத்த புள்ளைககிட்டயும் இருந்தா அனுப்பி வைங்க, கூலியில்லாம சரி பண்ணித் தர்றேன்னும் எழுதினேன். நல்ல மனசோடதானே எழுதினேன்? கடைசியில ரிசல்ட்டுன்னு ஒரு பத்தி வேணும். ரிசல்ட் இல்லாம ரிப்போர்ட் முடியாது. அதுல எழுதினேன், இந்த வேலை செய்த பிறகு மெஷினின் வேகம் கூடியிருப்பதை என் மகளே உறுதி செய்தாள்னு.

ஆமாங்க. அவதானே சொன்னா? பேப்பருக்கு இந்தப் பக்கம் என்ற காதால கேட்டது.

வீட்டுக்கு வந்தேன். அனுப்பிட்டீங்களாப்பான்னு கேட்டா. அனுப்பிட்டேன் சாமின்னேன். வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டா. தேங்க்ஸுங்கப்பான்னா. ரெண்டு நாள் நிம்மதியாச் சோறு தின்னா.

மூணாம் நாள் அந்த மேனேஜரம்மாவே கூப்பிட்டாங்க. நான் வாசல்ல செருப்புப் போட்டுட்டிருந்தேன். சிந்துஜா நின்னுட்டே கேட்டா, கேட்டா, கேட்டுட்டே இருந்தா. உனக்கே தெரிஞ்சிருக்குது, தெரிஞ்சுட்டே எங்க கிட்டப் பொய் சொல்லியிருக்கறே, உங்கப்பாவே எழுதியிருக்கறாருன்னு சொல்லியிருக்கறாங்க. அப்புறம் நான் அனுப்பின நாலு பக்கத்தையும் இவளுக்கே அனுப்பிட்டாங்க. ஸ்க்ரீன்ல ஒவ்வொரு பக்கமாப் படிச்சா. படத்தையும் பார்த்தா. கடைசிப் பத்திய ரெண்டு தடவை படிச்சா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

வேலை போச்சு. அதோட விட்டானுகளா? வெளிய போறப்ப ஒரு சர்ட்டிபிகேட் குடுப்பாங்களாமில்ல, அதுவும் தர மாட்டேன்னுட்டான். அது இல்லாம அந்த லைன்ல வேற எடத்துல சேர்க்க மாட்டாங்களாம். குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாம், அந்தக் கதைதான். ஒரு வாரம் ரூமை விட்டு வரலை. அப்புறம் ஒரு நாள் ஒரு பையத் தூக்கிட்டு ஓசூர்ல இருக்கற சிநேகிதிகிட்டப் போயிட்டா. எட்டு மாசம் சும்மா இருந்தா, அங்க இங்க சின்னப் புள்ளைகளுக்கு ட்யூசன் எடுத்துட்டு. இப்ப மூணு மாசத்துக்கு முன்னாலதான் ஒரு எடத்துல எடுத்திருக்கறாங்க. ருக்குமணிதான் சொன்னா. அவளும் எல்லாத்தையும் சொல்றதில்லை.

பெத்த மனம் பித்து, புள்ள மனம் கல்லு. சும்மாவா சொன்னாங்க? நான் என்னங்க கெடுதல் பண்ணினேன்? குடிச்சேனா, சீட்டு ஆடினேனா? வேற அப்பன்மாரு புள்ளைக என்ன படிக்குதுன்னே தெரியாம இருக்கறாங்க. நான் அவ மெஷின்ல ஒரு தூசி இருக்க விடலை. ருக்குமணி கேக்கறா, நாலு வரிதானுங்களே கேட்டா, அதைப் பார்த்து எழுதினா உங்க கிரீடம் எறங்கிருமான்னு. எறங்காதுதான். சில சமயம் காலைல அந்த மேசையப் பார்த்தா, எழுதியிருக்கலாமோன்னு தோணும். வெசனமாத்தான் இருக்குது. வீட்டுல சத்தமே இல்லீங்க இப்ப. என்ற மெஷினை மட்டும் ஞாயித்துக்கெழமை தொறந்து தொடைச்சு மூடி வெக்கறேன், ஆரும் உக்கார்றதில்லை. ஆனா மறுபடியும் அந்த மொத வரிய நெனைச்சா கோவம் வந்துருது. அந்த வரிய மட்டும் அடிச்சுட்டு மிச்சம் மூணு வரி எழுதியிருக்கலாம்னு, இதோ இப்ப உங்ககிட்டச் சொல்றப்பத்தான் தோணுது. அன்னிக்குத் தோணலை.

இருங்க, போன் அடிக்குது. அவதான்! பாருங்க, அவளே கூப்பிடறா. நான் சொன்னேனில்ல?

அலோ... ஆமாஞ் சாமி, சூளகிரி தாண்டியாச்சு. இன்னும் அரை மணி நேரம்... ஃபைலு பத்தரமா இருக்குது, மடியிலதான் வெச்சிருக்கறேன்... எங்க?... ஏஞ் சாமி, நானே ஆட்டோ புடிச்சு வந்துடறேன், அட்ரஸ் மட்டும்... ஓ... எத்தனை மணிக்கு?... சரி... அம்மா வர்றாளா?... சரி சரி... இல்ல கண்ணு, நான் என்ன சொல்ல வர்றேன்னா, அஞ்சு நிமிஷம்... வாசல்லயே நின்னுட்டு, உன்ற கையால ஒரு டம்ளர் தண்ணி... அலோ?... ம்... சரி. சரி சாமி. வெச்சர்றேன்.

பஸ் ஸ்டேண்டுலயே நிக்கச் சொல்றா. நாப்பது நிமிஷத்துல வந்து ஃபைலை வாங்கிக்கறாளாம். ஓட்டல்ல சோறு வாங்கித் தர்றாளாம். நாலே முக்காலுக்குக் கோயமுத்தூர் பஸ்ஸு, எனக்குத் திரும்பறதுக்கு டிக்கெட் போட்டுட்டாளாம், சன்னலோரம். முட்டி வலியோட ரெண்டு மாடி ஏறோணுமேன்னு பார்த்திருப்பா. புத்திசாலிப் புள்ள.

அம்மா வரலையாம். வீட்டுல இருக்காளாம்.

இல்லீங்க, தண்ணி வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கறேன்.

மாடிக்காக இல்லீங்க தம்பி. உங்ககிட்ட எதுக்கு மறைக்கறது. அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயிடறேன் சாமின்னு கேட்டேனில்ல. அதுக்குச் சொன்னா, இப்ப இருக்கற கம்பெனிக்காரங்களும் மெஷின் அனுப்பியிருக்கறாங்க, முன் ரூம்லதான் இருக்குதுன்னு. அப்புறம், வேண்டாமுங்கப்பா, எனக்கு இந்த வேலை வேணுமுங்கப்பான்னா. கத்தலை. அழுகலை. ரேசன் கடையில வரிசையில நின்னு கேக்கறவங்களாட்ட, மெதுவா, மரியாதையாக் கேட்டா. பெத்த அப்பங்கிட்ட ஒரு புள்ள அப்படிக் கெஞ்சலாமுங்களா?